முடி வெட்டின கதை

பன்றித் தொடைக்கறித் துண்டுகளை இரண்டாவது தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த ஜெனல், படியில் இன்னும் ஆட்கள் இறங்கி வருவதைப் பார்த்து மூன்றாவது தட்டையும் எடுத்தாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் காலணிச் சேற்றைக் கால்மிதியில் தேய்த்துவிட்டுத் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். அப்பாவைப் புதைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் கூடம் கலகலவென்றிருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. அப்பா ஹார்லன் டைக்ஸ்ட்ரா உயிரோடு இருந்தால் இந்தச் சத்தத்துக்கு மேலே அவர் குரல்தான் கேட்டிருக்கும்.

அப்பாவோடு பள்ளியில் படித்தவர்கள் புகைப்பட மேசையை மொய்த்திருந்தார்கள். எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது.

"பெவர்லியோட பாவாடையைப் பாரு. முட்டிக்கு மேல ரெண்டு விரக்கடை ஏறிடுச்சுன்னு வீட்டுக்குத் துரத்திட்டாங்க."

"மறுநாள் நான் பேன்ட் போட்டுட்டு வந்தேனே. அதுக்கும் துரத்தினாங்க" என்றார் பெவர்லி.

"ரேடியோவுல ஒரு பாட்டு விடாம கேப்போம். எங்கப்பன் ரேடியோவையே தூக்கி மாட்டுக்கொட்டாய்ல வெச்சுட்டான். மாடுங்க கேட்டுச்சு."

யாரோ வியட்நாம் போருக்குப் போன ஒரு பையனின் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் அவன் படத்தை விரலால் துடைத்து வைத்தார். பிறகு மறுபடி பாவாடைக்கே வந்தார்கள்.

கடைசி மேசையில் பழுப்புக் கோட்டு போட்ட ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒல்லி, வழுக்கைத் தலை. ஜெனல் காபிக் கூஜாவோடு அவரிடம் போனாள்.

"அப்பாவை எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"ஒரே வகுப்பு."

"அப்ப ஏன் இங்க தனியா? முன்னாடி வாங்க."

"இங்கயே நல்லாருக்கு."

"முடி வெட்டின கதை தெரிஞ்சிருக்குமே? நன்றி நாள் விருந்துன்னா எங்க வீட்ல வான்கோழி இருக்கோ இல்லையோ, அது இருக்கும். அப்பா நடிச்சே காட்டுவார்."

அவர் கோப்பையைப் பார்த்தபடி, "தெரியும்" என்றார்.

ஜெனல் திரும்பி, அப்பாவின் உயிர் நண்பரான நார்மைக் கூப்பிட்டாள். "நார்ம் மாமா, அப்பாவோட முடி வெட்டின கதையைச் சொல்லுங்க. இன்னைக்கு அது இல்லாம எப்படி?"

நார்ம் காத்திருந்தவர் போல எழுந்தார்.

"அறுபத்தொன்பதாம் வருஷம். நாடு பூரா பசங்க முடியை வளர்த்துட்டுத் திரியிறானுங்க. நம்ம பள்ளிக்கூடத்துல ஒரே ஒருத்தன். லோரன் ஃபிஸ்க். தோள் வரைக்கும் முடி. பின்னாலேருந்து பாத்தா பொண்ணுன்னு விசிலடிக்கலாம். கையில கறுப்புத் துணி வேற, போர் வேண்டாமாம். ஹார்லன் சொன்னான், 'பள்ளிக்கூடத்துக்கு ஒரு மரியாதை வேணும்டா'ன்னு. மத்தியானம் கொடிக்கம்பத்தடியில நாங்க நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிக்கிட்டோம். ஹார்லன் அவங்கப்பா ஆட்டுக்கு ரோமம் வெட்டுற கத்திரியை எடுத்தான். விளையாட்டு கோச் ஜன்னல்ல நின்னு பாத்தாரு. பாத்துட்டுத் திரையை இழுத்து விட்டுட்டாரு."

கூடம் சிரித்தது.

"ஃபிஸ்க் வாயே திறக்கல. ஹார்லன் சொல்றான், 'ஆடு மாதிரி கத்து, விட்டுடறேன்.' கத்தவே மாட்டேங்கிறான். கடைசியில பாதித் தலை போனப்புறம்..."

நார்ம் கையைக் காதருகே குவித்தார். "மே..." என்றது கூடம். ஜெனலின் வாயும் சொன்னது. சிறுவயதிலிருந்து சொல்லிப் பழகிய வாய், யோசிக்கவேயில்லை.

சிரித்தபடியே அவள் பழுப்புக் கோட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் காகிதக் கைக்குட்டையை நான்காக மடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஃபிஸ்க் இப்ப எங்க இருக்கானோ" என்றார் நார்ம்.

"இங்கதான் இருக்கேன், நார்ம்."

குரல் உயரவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. நார்மின் கை இன்னும் காதருகிலேயே இருந்தது.

"அட, லோரன்..." அவர் சிரிக்கப் பார்த்தார். "இப்ப கத்திரிக்கே வேலையில்ல போல."

இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். லோரன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியேறினார்.

ஜெனல் பின்னாலேயே ஓடினாள். வாகனம் நிறுத்துமிடத்தில் குளிர்காற்று முகத்தில் அறைந்தபோதுதான் கையில் காபிக் கூஜா இருப்பது தெரிந்தது. "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். கேட்ட விதம் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஹார்லன் இல்லாத இடத்துல இவங்களோட உக்காந்து ஒரு காபி குடிக்க முடியுதான்னு பாக்கலாம்னு வந்தேன்." கார்ச் சாவியைத் தேடினார். "அன்னைக்கு சாயங்காலம் எங்கம்மா என்னை அடுப்படியில உக்கார வெச்சு, மேடும் பள்ளமுமா இருந்ததைச் சமமா வெட்டி விட்டாங்க. காதுக்குப் பின்னால வெட்டுக்காயம். அவங்க அதை ஈரத்துணியால துடைச்சு விட்டுக்கிட்டே இருந்தாங்க. அது அந்தக் கதையில வராது. அவனுக்குத் தெரியாதில்ல."

ஜெனல் கூஜாவை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"உங்க பிள்ளைங்களும் அதைச் சொல்வாங்களா? அந்த 'மே'?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை.

"சொல்வாங்க" என்றாள். "சின்னவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு அப்ப ரெண்டு வயசு."

லோரன் தலையசைத்தார். ஒரு தகவலைக் கேட்டுக்கொண்டவர் போல.

"நான் வந்து..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அப்பாவைப் புதைச்ச நாள்ம்மா இது. உள்ள போங்க. கோட்டுகூடப் போடாம நிக்கிறீங்க."

கார் மெதுவாக வாசல் வரை போய் நின்றது. இடப்பக்கம் திரும்புவதற்கான விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. சாலையில் இரு பக்கமும் ஒரு வண்டிகூட இல்லை. கீழே கூடத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. கார் நகரவில்லை; திரும்பி உள்ளே வரலாமா என்று லோரன் யோசிப்பது போலிருந்தது. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அவள் கையை உயர்த்தலாமா என்று நின்றாள், உயர்த்தவில்லை. பிறகு கார் திரும்பிச் சாலையில் ஏறியது.