கோணேஸ்வரி திகதி சொல்லாத வருடம்

1984ஆம் ஆண்டு தொடக்கம் ரொறொன்ரோ ஹைபார்க்கின் செரி மரங்கள் கோணேஸ்வரி கனகசிங்கம் தொலைபேசியில் சொன்ன திகதியில்தான் பூத்தன. அதற்கு முந்திய இருபத்தைந்து வருடமும் அவை வெயிலையும் குளிரையும் பார்த்து, தம் பாட்டில் ஏப்ரல் கடைசியிலோ மே முதலிலோ பூத்து, ஒரு கிழமை நின்று கொட்டிப்போயின. கோணேஸ்வரிக்கு அது தெரியாது. திருகோணமலைத் தொலைபேசி நிலையத்தில் ஒன்பது வருடம் இணைப்புக் கொடுத்தவள் அவள். 1983 ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தது. ஒருவர் தப்பிப்போக மட்டும் வழி கிடைத்தபோது, 'முதலில் நீ போ' என்று கணவன் கனகசிங்கம் அவளை அனுப்பிவிட்டு, தான் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், மெட்ராஸ் கோடம்பாக்கத்தில் ஒரு அறையில் தங்கினான். ஒக்ரோபரில் அவள் ரொறொன்ரோ வந்து இறங்கினாள். அடுத்த மாசியில் கஸ்பர் அவளுக்கு வேலை கொடுத்தார்.

கஸ்பர் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர், எழுபத்திரண்டிலேயே வந்தவர். இரண்டு பஸ் வைத்திருந்தார். வெலஸ்லி வீதியில் ஒரு லோண்டரிக்கு மேலே இருந்த அறைதான் அவருடைய சுற்றுலாக் கந்தோர். மூடிப்போன ஹோட்டல் ஒன்றிலிருந்து வாங்கிய பழைய தொலைபேசிச் சுவிச்போட் ஒன்று அங்கே கிடந்தது. அதைக் கையாளத் தெரிந்த ஒரே ஆள் கோணேஸ்வரி. வசந்தகாலத்தில் அழைப்பவர்கள் இரண்டு கேள்விதான் கேட்பார்கள்: செரிப்பூ எங்கே பார்க்கலாம், எப்போது பார்க்கலாம். எங்கே என்பதைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள் கஸ்பரின் மனைவி ஜோசப்பின். எப்போது என்பதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. திருகோணமலையில் கோணேஸ்வரிக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம், அழைப்பவரிடம் 'தெரியாது' என்று சொல்லக்கூடாது என்பது. ஆகவே விட்பியிலிருந்து முதல் பெண் கேட்டதும் கலண்டரைப் பார்த்து, மே ஐந்தாம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குப் பிறகு வாருங்கள் என்றாள். பிறகு வந்த எல்லோருக்கும் அதையே சொன்னாள்.

நாலாம் திகதி இரவு ஆலங்கட்டியும் பனியும் கலந்து கொட்டியது. மொட்டுகள் மண்ணிறமாக இறுகிக் கிடந்தன. ஐந்தாம் திகதி காலை ஒன்பது மணிக்கு மேட்டிலிருந்து குளக்கரைவரை எல்லா மரமும் ஒரேயடியாகப் பூத்தன. கஸ்பர் அதை அதிர்ஷ்டம் என்றார். அடுத்த வருடம் அவள் மே நாலு என்றாள். மே நாலு பூத்தது. பூங்காத் தோட்டக்காரர்கள் தங்கள் கொப்பியில் 'இம்முறையும் அந்தப் பெண்மணி சொன்னபடி' என்று குறித்துவிட்டுப் புல் வெட்டப் போனார்கள். எண்பத்தாறில் கஸ்பர் துணிந்து, மேட்டுப்பக்கத்துக்கு ஒரு சனிக்கிழமையும் குளத்துப்பக்கத்துக்கு அடுத்த சனிக்கிழமையும் சொல்லச் சொன்னார். அப்படியே நடந்தது, சனங்கள் இரண்டு தரம் வந்தார்கள். அதே வருடம் மிசிசாகாவிலிருந்து ஒரு கிழவர் அழைத்து, தன் மனைவியை ஏப்ரல் இருபத்தெட்டில் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், மே மாதத்தை அவள் காண்பது நிச்சயமில்லை என்றார். வழக்கமாக எந்த மரத்தடியில் இருப்பீர்கள் என்று கோணேஸ்வரி கேட்டாள். பச்சை வாங்குக்குப் பக்கத்து மரம் என்றார். இருபத்தாறாம் திகதி பின்னேரம் இரண்டு மணிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். மற்ற மரங்களெல்லாம் விறகாக நிற்க அது ஒன்று மட்டும் பூத்து, அவர்கள் எழும்பிப்போகும்வரை நின்றது. அதற்குத் தனியாக ஒரு பஸ் விட்டிருக்கலாமே என்று கஸ்பர் ஒரு கிழமை முகம் கொடுக்காமல் திரிந்தார்.

இவ்வளவும் நடக்கும்போது கனகசிங்கம் கோடம்பாக்கத்திலேயே இருந்தான். கோணேஸ்வரிக்கு எண்பத்தைந்தில் வதிவிடப் பத்திரம் கிடைத்தது. கிடைத்த கிழமையே அவனைக் கூப்பிடக் குடிவரவுக் கந்தோரில் விண்ணப்பம் போட்டாள். கல்யாணப் பதிவு வீட்டோடு எரிந்துவிட்டபடியால் இருவரையும் தனித்தனியே விசாரிப்போம் என்றார்கள். அவளை இங்கே விசாரித்தார்கள், அவனை மெட்ராசில் விசாரித்தார்கள். அதற்கே ஒன்றரை வருடம் போனது. எண்பத்தேழு மார்ச்சில் கடிதம் வந்தது. இரண்டே பந்தி. திருமணம் 1979 ஓகஸ்ட் முப்பத்தோராம் திகதி நடந்ததாக மனைவியும், முப்பதாம் திகதி நடந்ததாகக் கணவர் எனப்படுபவரும் கூறியுள்ளனர், ஆகவே மனைவி தரும் திகதிகள் நம்பத்தக்கவை அல்ல, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

'கணவர் எனப்படுபவர்' என்ற சொல்லை அவள் மூன்று தரம் வாசித்தாள். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் கந்தோருக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்ல மனிதர் போலத்தான் பேசினார். முகூர்த்தம் விடியற்காலை நாலு இருபதுக்கு என்று அவள் விளங்கப்படுத்தினாள். சூரியன் உதித்தால்தான் எங்களுக்கு அடுத்த நாள். ஆகவே என் கணவர் வியாழக்கிழமை என்று முப்பது சொன்னார். நான் மணிக்கூட்டைப் பார்த்து வேலை செய்தவள். பன்னிரண்டு மணி தாண்டியபடியால் வெள்ளிக்கிழமை என்று முப்பத்தொன்று சொன்னேன். இரண்டும் ஒரே தாலிதான். அதிகாரி தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, ஒரு மனைவிக்குத் தன் கல்யாண நாள் தெரியாமல் போகுமா என்று ஆறுதலாகக் கேட்டார். கோப்பு மூடியாகிவிட்டது என்றார். திரும்பி வரும்போது ஸ்ரீட்கார் ட்ராமில் இருக்கை காலியாக இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். கோபத்தில் அவளுடைய முழங்கால்கள் மடங்க மறுத்தன.

அடுத்த நாள் கஸ்பர் துண்டுப்பிரசுரம் அச்சடிக்க ஆயத்தமாக வந்தார்.

"தங்கச்சி, இந்த முறை மே ரெண்டு எண்டு போடட்டோ? சனிக்கிழமை வருது."

"போடாதேங்கோ அண்ணை."

"அப்ப ஒன்பதோ?"

"நான் சொல்லுற திகதியை நம்பேலாதாம். எழுதித் தந்திருக்கினம். நம்பேலாத திகதியை நான் ஏன் ஊருக்குச் சொல்லுவான்?"

கஸ்பர் சிரித்தார், பிறகு கெஞ்சினார், பிறகு கத்தினார். கடைசியில் ரிசீவரைத் தானே பிடித்து, அழைத்தவர்களுக்கு மே ஒன்பது என்று சொன்னார். மே ஒன்பதில் ஒரு மொட்டும் அசையவில்லை. கஸ்பரின் மனைவி ஜோசப்பின், கோணேஸ்வரியின் குரலைப்போலப் பேசிப் பதினாறு என்றாள், அதுவும் போயிற்று. ரொறொன்ரோவின் மற்ற மரங்களெல்லாம் இலைவிட்டு நிழல் கொடுக்கத் தொடங்கிய பிறகும் அந்தச் செரி மரங்கள் மட்டும் மார்கழி மாதத்தில் நிற்பதுபோல நின்றன. தோட்டக்காரர்கள் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார்கள். உள்ளே பச்சையாக இருந்தது. 'மரங்கள் நலம். காத்திருக்கின்றன' என்று கொப்பியில் எழுதினார்கள்.

சனங்களுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. விட்பியிலிருந்து ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்து மொட்டைத் தடிகளைப் பார்த்தவர்கள் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். வரி கட்டுகிறவர்களுக்குப் பூப் பார்க்க உரிமை இல்லையா என்று ஒருவர் கேட்டார். பூவோடு படம் எடுக்கக் கல்யாணத்தைத் தள்ளிவைத்த இருபத்திமூன்று சோடிகள் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் அனுப்பினார்கள். நகரசபையில் இதைப்பற்றி இரண்டு நாள் பேசினார்கள். கோணேஸ்வரி அவை எல்லாவற்றையும் வாசித்தாள். நாலு வருடமாகத் தன் மனிசன் வராததைப்பற்றி ஒரு மூலையிலும் ஒரு வரி வராத அதே பத்திரிகைகளில், நாலு கிழமையாகப் பூ வராததற்கு முழுப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அவள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

அது யூனியன்வில்லில் இருந்து தியாகலிங்கம். வருடாவருடம் தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு பூப் பார்க்க வருகிறவர்.

"பிள்ளை, ஏதோ ஒரு திகதியைச் சொல்லிவிடன். ரெண்டு பஸ் ஆக்கள் வெளிக்கிட்டு நிக்கினம். எங்கட ஆக்களுக்கும் இதால கெட்ட பேர்."

"அண்ணை, என்ர மனுசன் நாலு வருசமா ஒரு அறைக்குள்ள இருக்கிறார். அவர் என்ர மனுசன் இல்லை எண்டு எழுதியிருக்கினம். அதுக்கு ஆர் ரெண்டு பஸ் ஆக்களோட வெளிக்கிட்டது?"

மறுமுனையில், அவருக்குப் பின்னால் பிள்ளைகளின் சத்தமும் யாரோ பாத்திரம் கழுவும் சத்தமும் கேட்டன.

"அந்தக் கந்தோர் நம்பரைத் தா பிள்ளை," என்றார் தியாகலிங்கம்.

"நம்பர் என்னத்துக்கு? லைனில நில்லுங்கோ. இணைச்சுவிடுறன்."

திருகோணமலையில் ஒன்பது வருடம் பழகிய விரல்கள் அவை. தியாகலிங்கத்தை அந்தக் கந்தோரோடு கொழுவிவிட்டு அவள் அடுத்த அழைப்பை எடுத்தாள். செரிப்பூ எப்போது பூக்கும் என்று கேட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம், அது ஒரு கோப்பில் தங்கியிருக்கிறது, விசாரிக்க இணைப்புத் தருகிறேன் என்று சொல்லி அவளையும் கொழுவினாள். அன்று எண்பது பேர். ஆனி நடுவில் நாளுக்கு முந்நூறு பேர். கந்தோரில் பதிவுசெய்த குரலை வைத்துப் பார்த்தார்கள். கோணேஸ்வரி அந்தக் குரல் களைத்துப்போகும்வரை காத்திருந்து இணைத்தாள். நம்பரை மாற்றினார்கள், அழைப்புகள் புது நம்பரில் போய் இறங்கின. திருமணப் படம் எடுக்காத இருபத்திமூன்று சோடிகளும் தினமும் பத்து மணிக்குப் பேசினார்கள். மிசிசாகாக் கிழவர், மனைவியை இழந்திருந்தவர், ஒரு நாள் அழைத்து, தனக்குப் பூ வேண்டாம், இணைப்பை மட்டும் தா என்றார். கஸ்பர்கூட ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு வந்து, என்னையும் ஒருக்கால் போட்டுவிடு தங்கச்சி என்று கேட்டார். அந்த அதிகாரியோடு அவர் பேசிய பேச்சு, லோண்டரியில் உடுப்புக்குக் காத்திருந்தவர்களுக்கும் கேட்டது.

ஆடி மாதம் அதிகாரி தானே அழைத்தார். மரங்களுக்கும் தன் கந்தோருக்கும் தொடர்பு இல்லை என்றார். நாளை பூக்கும் என்று ஒரு சொல்லுச் சொன்னால் எல்லோருக்கும் நல்லது, கோப்பைப்பற்றி அடுத்த வசந்தத்தில் யோசிக்கலாம் என்றார்.

கோணேஸ்வரி சுவிச்போட்டைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் மறுமொழி சொன்னாள். என் திகதியை நம்பமுடியாது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். இன்றைக்கு ஒரு திகதி கேட்பதும் நீங்கள்தான். இரண்டில் ஒன்றை எழுத்தில் தாருங்கள். நான் பொய்க்காரி என்றால் அந்தக் கடிதத்தைப் பூங்கா வாசலில் ஒட்டுகிறேன், மரங்களே வாசித்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் என் கணவரை அனுப்புங்கள். 'எனப்படுபவர்' என்று இனி எழுதவேண்டாம்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. கூர்ந்து பரிசீலித்ததில் இரு திகதிகளும் ஒரே திருமணத்தைக் குறிப்பதாகக் கந்தோர் திருப்தியடைகிறது என்று இருந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அவள் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்திலும் இல்லை.

கனகசிங்கம் ஒக்ரோபர் இருபத்திமூன்று வெள்ளி இரவு வந்து சேர்ந்தான். முன்பற்கள் இரண்டு போயிருந்தன. காதோரம் முழுக்க நரைத்து, காற்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். தூரத்தில் வரும்போது நடையை வைத்துத்தான் கோணேஸ்வரி அவனை அடையாளம் கண்டாள். வழியெல்லாம் அவன் கையைப் பிடித்திருந்தாள், ஆனால் அவள் முகத்தில் சந்தோசத்தைவிடக் கோபமே கூட இருந்தது என்று கார் ஓட்டிவந்த கஸ்பர் பிறகு சொன்னார். இந்தப் பல்லையும் மயிரையும் யார் திருப்பித் தருவது என்று ஒரு தரம் கேட்டாளாம். கனகசிங்கம், வந்திட்டன்தானே என்றானாம்.

அவன் வரும் நாள் நிச்சயமானதும் அவள் ஊருக்குச் சொல்லியிருந்த திகதி இருபத்திநாலு, காலை பத்து மணி. மேப்பிள் மரங்கள் சிவந்து இலை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இலைகூட விடாமல் நின்ற செரி மரங்கள் வெள்ளையும் மென்சிவப்புமாகப் பூத்தன. சனங்கள் குளிர்ச்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தார்கள். இருபத்திமூன்று மணமகள்மாரும் கையுறையோடு வரிசையில் நின்றார்கள். பெரிய மனிதர்கள் சிலர் வந்து மரத்தடியில் பேசினார்கள். பொறுமையாக இருந்த நகர மக்களுக்கு நன்றி சொன்னார்கள். கனகசிங்கம் மேட்டடியில் ஒரு மரத்தின் கீழே, கஸ்பர் கொடுத்த கோட்டில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு பத்திரிகைப் படக்காரர் வந்து, மரம் முழுதாகத் தெரியவேண்டும், கொஞ்சம் விலக முடியுமா என்று அவனைக் கேட்டார். நாலு வருடமாக எல்லாக் கந்தோரிலும் விலகி நின்று பழகியவன், சரி என்று காலை எடுத்துவைத்தான்.

"நீங்க நில்லுங்கோ," என்றாள் கோணேஸ்வரி. அவள் குரல் உயரவில்லை. "இனி நீங்க ஒரு இடமும் தள்ளிப்போகத் தேவையில்லை." பிறகு மரத்தைப் பார்த்து, திருகோணமலையில் லைனை விடாமல் இழுத்தடிப்பவர்களோடு பேசும் அதே தொனியில், "நீ கொஞ்சம் தள்ளி நில்லு. அவர் நிக்கட்டும்," என்றாள்.

மரம் இடப்பக்கமாக இரண்டடி தள்ளி நின்றது. ஒரு பூவும் கொட்டவில்லை. படக்காரர் தூரத்தைச் சரிசெய்து படம் எடுத்தார். பத்திரிகையில் அது வந்தபோது நடுவில் கனகசிங்கம் நின்றான். மரம் ஓரமாக இருந்தது. தோட்டக்காரர்கள் கிளறுபட்ட மண்ணை மண்வெட்டியால் தட்டி இறுக்கினார்கள். அடுத்த வசந்தத்துக்கு முன் அந்த இடத்தில் நடைபாதையை மரத்தைச் சுற்றி வளைத்துப் போட்டார்கள்.