மீன் எண்ணெய் பூசிய ஸ்டோர்

போடிமெட்டுக்கு மேலே நாங்கள் குத்தகைக்கு எடுத்த ஏலக்காய்த் தோட்டத்தில் ஒரு பலகை ஸ்டோர் இருந்தது. பறித்த காயைத் தட்டுகளில் பரப்பி, அடியில் நெருப்புப் போட்டு உலர்த்தும் கட்டடம். மழைக்காலத்தில் பலகைகளின் அறுத்த ஓரங்கள் தண்ணீர் குடித்து உப்பிவிடும். அதற்கு எதைப் பூசுவது என்று ஆராய என் வீட்டுக்காரர் ஐசக்குக்கு ஒரு கோடை முழுதும் தேவைப்பட்டது. மனிதருக்கு வேறு சோலி இல்லை.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. இந்தப் போகம் காய் நல்லபடியாக விற்றால், அட்டைக்கடியை விட்டுப் போடியில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோய்விட வேண்டும்.

தார் வேண்டாம் என்றார். காயில் வாடை ஏறிவிடுமாம். பெயிண்டும் அப்படித்தானாம். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசலாம் என்றேன். பொம்பளை சொல்லிக் கேட்பதா? கடைசியில் கொச்சிப் பக்கத்து ஆள் ஒருவனைப் பிடித்து, டின் டின்னாக மீன் எண்ணெய் வாங்கிவந்தார்.

"ஏ தேவகிருபை, தோணிக்கு இதத்தான் பூசுறான். அது காலமெல்லாம் தண்ணியில கெடக்கு. அழுகுதா?"

"தோணியில ஏலக்காயா காய வைக்கிறாங்க?"

"காஞ்சா வாடை போயிரும். ஒனக்கு என்ன தெரியும்?"

பொடி போட்டுப் போட்டே மரத்துப்போன மூக்கு. அதை நம்பித்தான் இந்த வாக்குறுதி. சுவரோடு நிறுத்தினாரா? மிச்சம் வீணாகக் கூடாதென்று உள்ளே காய் பரப்பும் தட்டுகளின் ஓரத்துக்கும் பூசினார். சிக்கனக்காரர். நான் கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை.

மழை வந்தது. பலகை உப்பவில்லை. காயும் பச்சை மாறாமல் உலர்ந்தது. வாடை எனக்கும் பழகிப்போய், கொஞ்சம் நம்பிக்கைகூட வந்துவிட்டது, வெட்கக்கேடு. வீடு பார்க்கலாமென்று நானும் மூட்டைகளோடு ஜீப்பில் போடிக்கு இறங்கினேன்.

ஏலக்காய் வியாபாரி ஜஹாங்கீர் வழக்கம்போல நாலு காயை உள்ளங்கையில் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். உடனே கையைத் துண்டில் துடைத்தார்.

"காயி பாக்க அழகா இருக்குண்ணே. மோந்து பாக்காம வாங்குற ஆளு இருந்தா சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போய் விடுறேன்."

போடியில் எல்லா வியாபாரிக்கும் மூக்கு இருந்தது. மூட்டைகளோடு திரும்பவும் மலையேறினோம். வழியெல்லாம் எனக்கு அழுகை நிற்கவில்லை. ஸ்டோர் வாசலில் இறங்கியதும் அவர் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"என்ன இருந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணி எறங்கல, பாத்தியா."

"அப்ப இந்தப் பலகையப் பேத்து மூட்ட கட்டி வித்துட்டு வாங்க. அந்தக் காசுல வீடு பாப்போம்."