பதினொன்றாம் கட்டிலில் அவறாச்சன்

மணியை அவனுடைய வலக்கைப் பக்கம் வைத்தேன். அந்தக் கை செயலற்றுப் போய் ஐந்து நாளாகியிருந்தது. தண்ணீர்க் குவளையையும் அதே பக்கம் வைத்தேன். பிறகு, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, விரிப்பின் மூலைகளை மடித்துச் செருகினேன். தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"ஏதாவது வேணும்னா மணி அடிங்க அப்பச்சா" என்றேன்.

பாலக்குந்நேல் அவறாச்சன் என்னைப் பார்த்தான். பேச்சுதான் போயிருந்தது, புத்தி போகவில்லை. என் சட்டையில் குத்தியிருந்த பெயரையும் பார்த்தான். ஸ்மிஜா, நர்ஸிங் முதலாமாண்டு. அந்தப் பெயர் அவனுக்கு எதையும் நினைவூட்டவில்லை. அடுக்களைப் பின்வாசலில் அம்மா வருவதற்காகக் காத்து நின்ற பிள்ளையின் பெயரை அவன் எதற்குக் கேட்டிருக்கப் போகிறான்?

என் அம்மா விலாசினி நான்கு வருஷம் அவன் வீட்டில் இருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து கிடந்த அவனுடைய தாயைக் குளிப்பாட்டி, ஊட்டி, மலம் அள்ளி, புரட்டிப் படுக்கவைத்தாள். கிழவி செத்தபோது அவள் முதுகில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை என்று டாக்டரே சொன்னாராம். ஏழாம் நாள் கஞ்சிக்கு மாதா கோயில் பங்குக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தபோது, கிழவியின் சங்கிலியைக் காணோம் என்று பேச்சு எழுந்தது. அவறாச்சன் அம்மாவை முற்றத்தில் நிறுத்தினான். இரண்டு பெண்களை ஏவி, புடவையை உருவி உதறச் சொன்னான். ஒன்றும் கிடைக்கவில்லை.

"எங்கயோ கடத்திட்டா. போலீசக் கூப்பிடாம விடுறேனே, அது எங்கம்மைக்காக. போடீ" என்றான்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அம்மாவுக்கு வேலை இல்லை. அன்னாசித் தோட்டத்தில் கூலிக்குப் போனாள். முள் கிழித்த கைகளோடு வந்து எனக்குச் சோறு போடுவாள். எட்டு மாதம் கழித்து, பக்கத்து ஊர் ஞானஸ்நான விருந்தொன்றில் பாத்திரம் கழுவப் போனவள், அவறாச்சனின் மருமகள் ஷெர்லியின் கழுத்தில் அந்தச் சங்கிலியைப் பார்த்தாள். பக்கத்திலேயே அவறாச்சன் உட்கார்ந்து இறைச்சி தின்றுகொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டானாம். அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

இப்போது அந்த மனிதன் என் கையில் கிடைத்திருந்தான். பக்கவாதக்காரர்களை முதல் சில நாட்கள் நர்ஸின் கண் படுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்று டாக்டர் தனி அறை கொடுக்கவில்லை. உறவினர்கள் மாலை நான்கு மணிக்குத்தான் உள்ளே வரலாம். காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை பதினொன்றாம் கட்டில் எனக்கு மட்டும்தான்.

எங்கள் ஆசிரியை சிஸ்டர் ப்ளாஸிட் கன்னியாஸ்திரீ, ஆனால் வாய் சந்தைக்காரியின் வாய். "அடியே, மனுஷன் உடம்பு நெல்லு மூட்டை இல்ல, போட்ட இடத்துல கெடக்கறதுக்கு" என்பார். "ரெண்டு மணிக்கொருக்கா திருப்பு. இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். எலும்பு முட்டுற இடத்தைப் பாரு. செவந்திருந்தா விரலால அழுத்து. வெளுத்துட்டு திரும்பச் செவந்தா தப்பிச்ச. வெளுக்கவே இல்லையா, உள்ள சதை அழுக ஆரம்பிச்சாச்சு."

வகுப்பில் எல்லாரையும்விட இதை நன்றாகப் படித்தவள் நான்தான். எட்டு மணிக்கு அவனைத் திருப்பவில்லை, பத்து மணிக்கும் திருப்பவில்லை, பன்னிரண்டு மணிக்கும் திருப்பவில்லை. கட்டில் கால்மாட்டில் தொங்கிய தாளில் மூன்று கட்டத்திலும் சரி போட்டுக் கையெழுத்திட்டேன். அடிவிரிப்பு நனைந்திருந்தால் என் நேரம் முடிகிற வரை நனைந்தபடியே விட்டேன். அவன் இடக்கையை மார்பின் குறுக்கே நீட்டி மணியை எட்டப் பார்ப்பான். எட்டாது. கண்ணில் நீர் வழியும். நான் அடுத்த கட்டிலில் ஒரு கிழவருக்கு அருமையாக வாய் கழுவிவிட்டுக்கொண்டே அதைப் பார்ப்பேன். எனக்கு நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் நன்றாக இருந்தது.

நான் அவனைப் பார்க்கத் தொடங்கிய நான்காம் நாள் சனிக்கிழமை. ஒன்றரை மணிக்கு முன்னால் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவனை ஒருக்களித்து, முதுகின் அடியில் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினேன். வெளுக்கவில்லை.

அன்று மத்தியானம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். அதுவரை அவளிடம் சொல்லவே இல்லை. பண்டம் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை மாதிரி, கடைசி வரை ஒளித்து வைத்திருந்தேன்.

"அம்மே, அவறாச்சன் எங்க வார்டுல கெடக்கான். கை காலு விழுந்து போச்சு. நான்தான் பாக்குறேன்."

"அய்யோ" என்றாள். பிறகு, "சாவானா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இரக்கம் இல்லை.

"சாக விடமாட்டேன். அழுக வைப்பேன்" என்று சிரித்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். மணி, தண்ணீர், ஈர விரிப்பு, தாளில் போட்ட சரிகள், வெளுக்காத சிவப்பு.

அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"மோளே, அந்தாளு உடம்பு எக்கேடும் கெடட்டும். நீ தாள்ல என்ன எழுதின? திருப்பாமயே திருப்புனேன்னா?"

"ஆமா."

"செய்யாத வேலையைச் செஞ்சேன்னு எழுதினா அதுக்கு என்னடி பேரு? என் வயித்துல பொறந்த கள்ளியா நீ? நான் நாலு வருஷம் அந்தக் கெழவிய ராவும் பகலும் புரட்டினேன். அந்த முதுகுதான்டி என் சாட்சி. ஊருல எவன் என்னைக் கள்ளின்னாலும், புண்ணில்லாத அந்த முதுகு எனக்குச் சாட்சி. நீ போயி அதுலயே மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"அவன் உங்களை..."

"எனக்குத் தெரியாதா? உன்னைவிட எனக்குத் தெரியும். எனக்கு வேணுங்கறது புண்ணு இல்ல. இப்பவே போயி சிஸ்டர்ட்ட சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. நாளைக்கு நான் வர்றேன்."

மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாமேல் அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஆனால் போனேன். சிஸ்டர் ப்ளாஸிட் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நான் சொன்னதை என் கையாலேயே எழுத வைத்தார். எழுந்து வார்டுக்குப் போய், அவரே அவனைத் திருப்பிப் படுக்கவைத்து, டாக்டரைக் கூப்பிட்டு, ஷெர்லிக்கும் போன் செய்து சொன்னார். கடைசியாக என் பெயர்ப் பட்டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டார்.

மறுநாள் ஞாயிறு. நான்கு மணிக்கு அவறாச்சனுக்காக ஜெபிக்க, பங்குப் பாதிரியாரான அச்சனோடு ஒன்பது பத்துப் பேர் வந்தார்கள். முற்றத்தில் அன்றைக்கு நின்ற அதே முகங்கள். ஷெர்லி என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டு கத்தினாள். அந்தக் கத்தலுக்கு நடுவில்தான் அம்மா வந்தாள். பஸ்ஸில் வந்த கசங்கிய புடவை. யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராகப் போய்ப் பதினொன்றாம் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"அவறாச்சா" என்றாள். நான்கு வருஷம் 'முதலாளி' என்று கூப்பிட்ட வாய். "என்னைத் தெரியுதா?"

அவன் கண்கள் அகன்றன. தலை அசைந்தது.

"சங்கிலிய நான் எடுத்தேனா?"

"விலாசினி" என்றார் அச்சன். "சுகமில்லாத மனுஷன். தெய்வத்தை நெனச்சு மன்னிச்சிடு."

"என் புடவைய உதறினப்போ நீங்க பந்தல்ல கஞ்சி குடிச்சிட்டிருந்தீங்க அச்சா. இப்பவும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க." அவள் திரும்பவே இல்லை. "சொல்லு. நான் எடுத்தேனா?"

அவன் தலையை இடமும் வலமும் ஆட்டினான்.

"யாருகிட்ட இருந்துச்சு? இடக்கை நல்லாத்தானே இருக்கு, காட்டு."

"அப்பச்சனுக்குப் புத்தி கலங்கியிருக்கு! பாவத்தைப் போட்டு இம்சை பண்றா!" என்று ஷெர்லி முன்னால் வந்தாள். "பெரிய நியாயக்காரி! உன் மகதான் அப்பச்சனைத் திருப்பாமப் போட்டுப் புண்ணாக்கினவ. கேளுங்க எல்லாரும்!"

"ஆமா. என் மகதான்" என்றாள் அம்மா. "செஞ்ச தப்பை அவளே போயி சொன்னா. எழுதியும் குடுத்திருக்கா. அவ செஞ்சதை அவ சொல்லியாச்சு. நீ செஞ்சதை நீ சொல்லு."

அவறாச்சனின் இடக்கை விரிப்பிலிருந்து எழும்பியது. ஒருமுறை விழுந்து, மறுபடி எழும்பியது. விரல் நேராக மருமகளைக் காட்டியது. பிறகு அந்த விரல் திரும்பி அவன் நெஞ்சையே தொட்டது. 'எனக்கும் தெரியும்' என்பதாக நான் எடுத்துக்கொண்டேன். எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்றைக்குப் புடவையை உருவின இருவரில் ஒருத்தி அவள். கைப்பையை எடுத்துக்கொண்டு ஷெர்லி வெளியே போனாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

அவன் அழுதான். கோணிய வாயிலிருந்து எச்சில் வழிந்தது. அம்மா அதைத் துடைப்பாள் என்று ஒரு கணம் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் துடைக்கவில்லை.

"அது போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னோடு வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பார்த்தியா அந்த மொகத்தை?" என்றாள். கண் பளபளத்தது. "ஏழு வருஷமா இந்த மொகத்தைத்தான்டி நெனச்சு நெனச்சுப் படுத்தேன்."

என்னை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். அடுத்த பேட்சோடு முதல் பாடத்திலிருந்து தொடங்கினேன். கை கழுவுவது எப்படி, விரிப்பு மாற்றுவது எப்படி என்று என்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து எழுதினேன். அவறாச்சனின் சிவப்பு கொப்புளமாகி உடைந்து, ஆற ஒரு மாதமானதாம். அதைச் சிஸ்டர் ப்ளாஸிட் என்னிடம் தேதி வாரியாகச் சொன்னார். ஒவ்வொரு தேதியையும் கேட்டுக்கொண்டேன்.

அவனை வீட்டுக்குக் கொண்டுபோனபின் மகன் துபாயிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "சேச்சி, அப்பச்சன் யாரு கையாலயும் சாப்பிட மாட்டேங்குறாரு, நீங்க வந்து பாத்துக்கணும். என்ன சம்பளம் வேணும்னாலும் சொல்லுங்க" என்றான்.

"பட்டினி கெடக்கட்டும். பசிச்சா தின்பான்" என்றாள் அம்மா. போனை வைத்துவிட்டு மறுபடி மரவள்ளிக்கிழங்கை உரிக்க ஆரம்பித்தாள்.