மடிப்பு விழுந்த விக்கெட் கீப்பர்

வீரபாண்டியில் பனியன்களுக்கு அயர்ன் போட்டு பேக்கிங் செய்து கொடுக்கும் யூனிட் வைத்திருந்தார் வேல்குமார். உலகத்தில் அவருக்கு இரண்டே தரம்: குறையே இல்லாத ஃபர்ஸ்ட்ஸ், சின்னக் குறையுள்ள செகண்ட்ஸ். தன்னை அவர் எதில் சேர்த்திருந்தார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அவரிடம் செக்கிங் பார்த்த ரோஸ்மேரிக்கும் அவருக்கும் ஒரே கிறுக்கு. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பபிள்கம் பாக்கெட்டுக்குள் வந்த கிரிக்கெட் படங்கள். மொத்தம் நாற்பத்தெட்டு, இருவரிடமும் நாற்பத்தேழு. இருவரிடமும் இல்லாதது முப்பத்தொன்றாம் நம்பர், விக்கெட் கீப்பர்.

"உன்ற ஆல்பம் சந்தைக்கடையாட்ட இருக்குது, அம்மிணி. ஒண்ணுல பேனாக் கிறுக்கல், ஒண்ணுல மூலை தேஞ்சு கெடக்குது."

"ஆளு தெரியுதுல்லா, நம்பர் தெரியுதுல்லா? அது போதும் முதலாளி. நீங்க புத்தம் புதுசாவே தேடிக்கிட்டிருந்தா உங்க பேரன் வந்துதான் செட்ட முடிக்கணும்."

"என்ற செட்டுல செகண்ட்ஸ் ஏறாது."

பதினோரு வருஷமாக அவர் பீஸ் பார்க்கும் லட்சணம் ரோஸ்மேரிக்குத் தெரியும். தையல் விட்டிருந்தால் கண்ணில் படாது. சுருக்கம் இருந்தால் மட்டும் கூரை பறக்கக் கத்துவார்.

அவிநாசியில் பழைய பொருள் விற்கும் அருள்செல்வனிடம் ஒரு முப்பத்தொன்று வந்திருந்தது. நட்டநடுவில் மடிப்பு. முதலாளி அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார் என்ற தைரியத்தில், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று இருந்துவிட்டாள் ரோஸ்மேரி. சனிக்கிழமை மத்தியானமே வேல்குமார் அந்தப் படத்தோடு வந்து நின்றார்.

"மடிப்பு விழுந்ததாச்சே முதலாளி?"

"மடிப்புத்தானே? நம்ம தொழிலே அதுதானே அம்மிணி! எடுத்துட்டா ஃபர்ஸ்ட்ஸ்."

அவள் குறுக்கே வந்து நின்றாள். "ஐயோ வேண்டாம். அது அட்டை, காட்டன் இல்ல. எனக்குத் தந்துருங்க. எங்கிட்ட இருக்கதுல எது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

"உன்ற குப்பைய வெச்சு நான் என்ன பண்றது? தவசி, ஸ்டீம் குடுப்பா."

அயர்ன் மாஸ்டர் தவசி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "எனக்கு மனசு வரல முதலாளி."

"எக்ஸ்போர்ட் பீஸே நிமிருது, இது நிமிராதா? தள்ளு."

அவரே அழுத்தினார். நீராவி புஸ்ஸென்று வந்தது. மடிப்பு போய்விட்டது. கூடவே விக்கெட் கீப்பரின் தலையும் நெஞ்சும் போய்விட்டன. மேல்தாள் உரிந்து அயர்ன் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தது. அட்டையில் மிச்சம் இரண்டு கையுறைகள்.

வேல்குமார் தொண்டையைச் செருமினார். சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, நீயே வெச்சுக்கோ அம்மிணி. உன்ற செட்டுக்கு இது தாராளம்."

தானம் கொடுப்பவர் போல நீட்டினார்.

ரோஸ்மேரி வாங்கினாள். பின்பக்கம் முப்பத்தொன்று பளிச்சென்று இருந்தது. ஆறு வருஷம் தேடிய நம்பர். ஆல்பத்தில் சொருகினால் நாற்பத்தெட்டு. விரல்கள் ஒரு கணம் இறுகின. முன்பக்கம் திருப்பினாள். ஆள் இல்லை.

திரும்ப அவர் முன்னாலேயே வைத்தாள்.

"நான் சேக்கது செகண்ட்ஸு முதலாளி. ரிஜெக்ட் சேக்கதில்ல."

"என்ன பேச்சு பேசற நீ!"

அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"தவசி, பெட்டிய நல்லாத் தொடச்சிட்டு ஆரம்பி. அடுத்தது வெள்ளை பண்டலு. முதலாளி பண்ண வேலை அதுல ஒட்டிறப் போவுது."