ஷிபேன்தாவின் ஐந்து சுரங்கள்

‘ஷேஷ் ட்ராம்’ ராக் குழு கலைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் கொல்கத்தாவில் கிட்டாரைத் தோளில் மாட்டிய எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முதலில் அந்தப் பெயரைத்தான் சொல்லும். குழு பிறந்து ஐம்பது ஆண்டு ஆனதைக் கொண்டாட, லேக் மார்க்கெட் பக்கம் ஓர் அரங்கில் ஞாயிறு மதியம் நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். இளம் குழுக்கள் ஒவ்வொன்றாக அவர்களுடைய பாட்டுகளை வாசித்தன. கடைசியில் அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ஷிபேன் பட்டாச்சார்யாவே மேடையேறுவதாக ஏற்பாடு. ஷிபேன் அண்ணா என்ற பொருளில் எல்லோரும் அவரை ‘ஷிபேன்தா’ என்பார்கள்.

அக்‌ஷயாவும் வாசித்துவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நியூ டவுனில் ஐ.டி. வேலை. போன வருடம் அவள் இணையத்தில் போட்ட ஒரு வங்காளப் பாட்டு, துர்கா பூஜை பந்தல் ஸ்பீக்கர்கள் வரைக்கும் ஓடியது. எல்லோரையும் பிடித்து இழுத்தது அதன் ஆரம்பம்தான். ஐந்து சுரம் மேலே ஏறும். ஆறாவது வரும் என்று காத்திருக்கும்போது சட்டென்று நின்று, கீழே வழுக்கும். அது எப்படித் தோன்றியது என்று பேட்டிகளில் கேட்டார்கள். ஒரு மழைநாளில் தானாக வந்தது என்று சொல்லியிருந்தாள்.

தானாக வரவில்லை. ஷேஷ் ட்ராமின் முதல் கேசட்டில், யாரும் அதிகம் கேட்காத ஒரு பாட்டின் நடுவில் இருந்தது. அப்பா முத்துக்குமார் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்தக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவர். அவளுடைய பாட்டு வந்த அன்றே, “இது அவங்களோடது இல்லையாம்மா?” என்று கேட்டார்.

“இன்ஃப்ளூயன்ஸ்ப்பா. அவங்ககிட்டேருந்து எடுக்காதவங்க யாரு?” என்றாள்.

ஷிபேன்தா நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். விரல்கள் கொஞ்சம் தடுமாறின. மூன்றாவது பாட்டின் நடுவில் அந்த ஐந்து சுரங்கள் வந்தன. பின்வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள் குபீரென்று சிரித்தார்கள்.

“ஆரே, இது அக்‌ஷயா தீதி பாட்டாச்சே! தாத்தா காப்பியடிச்சுட்டாரு!”

செல்போன்கள் உயர்ந்தன. தொகுப்பாளனுக்கும் விஷயம் தெரியவில்லை. “பாத்தீங்களா, இப்போ பெரியவங்களே அக்‌ஷயாவைக் கேட்டுத்தான் வாசிக்கிறாங்க!” என்று மைக்கில் சொல்லி, அவளை மேடைக்குக் கூப்பிட்டான்.

போனாள். அவள் வாய்க்கு நேரே மைக் இருந்தது. ஷிபேன்தா தந்திகளை உள்ளங்கையால் அமர்த்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். இது அவர் பாட்டு என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். அதைச் சொல்லாமல், யாரோ கையில் கொடுத்த கிட்டாரில் அந்த ஐந்து சுரங்களை வாசித்தாள். அரங்கம் அதிர்ந்தது. ஷிபேன்தா லேசாகத் தலையாட்டிவிட்டு, தன் கிட்டாரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவள் இறங்கி வந்தபோது அப்பா எழுந்து நின்றிருந்தார். “நீ சொல்லிருவேன்னு நெனச்சேன்,” என்றார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

அவள் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனாள். அங்கே ஷிபேன்தா மண்குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அது உங்களுடையது, ஷிபேன்தா,” என்று வங்காளத்தில் சொன்னாள். “தெரிஞ்சேதான் எடுத்தேன்.”

“தெரியும். பூஜை சமயத்துல எங்க தெருவுலயே போட்டாங்க. சந்தோஷமா இருந்தது. நாங்களே மறந்துபோன பாட்டு. எங்கேயோ ஒரு பொண்ணு ஞாபகம் வெச்சிருக்கான்னு வீட்ல சொன்னேன். பேட்டியில நீ என் பேரைச் சொல்லுவேன்னு பாத்தேன்.” டீயை ஒரு வாய் குடித்தார். “இன்னைக்கு அந்தப் பிள்ளைங்க சிரிச்சதுதான்...”

அக்‌ஷயா மேடைக்கு ஓடினாள். மைக்கை அணைத்துவிட்டார்கள். ஆட்கள் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த கொஞ்சம் பேரைப் பார்த்து, “அது அவர் பாட்டு! நான்தான் திருடினேன்!” என்று கத்தினாள். ஓரிருவர் திரும்பினார்கள்.

“அப்போ தாத்தா காப்பியடிக்கலையா?” என்றான் ஒருவன்.

“இல்ல. நான்தான்.”

“ஓ,” என்று சொல்லிவிட்டு அவன் நண்பர்களோடு வெளியே போனான்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டின் கீழே அவர் பெயரைச் சேர்த்து, நடந்ததை எல்லாம் எழுதிப் போட்டாள். படித்தவர்கள் திட்டினார்கள். அதை அவளால் தாங்க முடிந்தது. மறுநாள் காலையில் கருத்துகள் வேறு மாதிரி வர ஆரம்பித்தன. என்ன நேர்மை, என்ன பெரிய மனசு, இந்தக் காலத்தில் யார் இப்படி ஒத்துக்கொள்வார்கள் என்று நூற்றுக்கணக்கில் பாராட்டு.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தார். “எல்லாம் ஒன்னப் பத்திதாம்மா எழுதிருக்காங்க. ஷிபேன்தா பேரு ஒன்னுலகூட இல்லையே.”

அவளால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எழுதியதில் ஷிபேன் பட்டாச்சார்யாவின் இசை என்ற வரியை மட்டும் விட்டுவைத்து, மற்றதை எல்லாம் அழித்தாள்.