இருளப்பசாமியின் வலது கை

இருளப்பசாமியின் உடலை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தாகிவிட்டது. வலது கைதான் ஒத்துழைக்கவில்லை. மூடிய விரல்களுக்குள் பீரோ சாவி. குளிப்பாட்டியதும் உடுத்த வேண்டிய பட்டு வேட்டி பீரோவுக்குள்.

“அண்ணன் சொத்த விட மாட்டேங்காரு” என்றான் தம்பி பால்ச்சாமி. சுற்றி நின்றவர்கள் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

மனைவி செல்லத்தாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்க்கரை, கிட்னி, வலிப்பு மூன்றையும் ‘என் சம்பந்திமார்’ என்பார் இருளப்பசாமி. ஒருவருக்கு இலை போட்டால் இன்னொருவர் எழுந்து போய்விடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் சர்க்கரை டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். ராஜபாளையத்து வலிப்பு டாக்டர் வயிறு காயக்கூடாது என்றார். மதுரை கிட்னி டாக்டரோ வலிப்பு மாத்திரையையே முறைத்துப் பார்த்தார். மூவரும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்: வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை, கையில் இரும்பு கொடுக்காதே. அதைச் சொல்லியே, அரிவாளோடு ஓடிவரும் பக்கத்து வீட்டுக் கருத்தம்மாவை எத்தனையோ தடவை வாசலோடு திருப்பியிருக்கிறாள் செல்லத்தாய்.

“நான் குடுக்கல தாயி. எனக்குத்தான் தடை போட்ருக்கியே” என்றாள் கருத்தம்மா. “பொறவு சாவி எப்படி வந்துச்சு?”

“அவரே எடுத்திருப்பாரு. உள்ள எம்புட்டு இருக்கோ” என்று பால்ச்சாமி விரலை நெம்பப் போனான்.

“கொழுந்தனாரே, கைய விடுங்க.”

செல்லத்தாய் வந்து உட்கார்ந்து, முஷ்டியின் மேல் வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள்.

“அவிய எடுக்கல. நான்தான் வச்சேன்.”

“நீயா?” என்றாள் கருத்தம்மா.

“மாத்திரையெல்லாம் நேரத்துக்குக் குடுத்தேன். ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மில்லுல இருந்து கார் வருதுன்னாக. இழுப்பு நிக்கலயே.”

பால்ச்சாமிக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. “சரி மதினி, உசுரு போன பொறவுமா இம்புட்டு இறுக்கிப் பிடிப்பாரு?”

“அவிய பிடிக்கல” என்றாள். “அவிய கை மேல என் கையி இருந்துச்சு. நீங்கள்லாம் வார வரைக்கும்.”

கருத்தம்மா வெந்நீர் வாளியைக் கைக்குக் கீழே நகர்த்தி வைத்தாள்.

சுண்டுவிரல் முதலில் இளகியது. பிறகு மற்றவை. சாவி வாளிக்குள் விழ, பால்ச்சாமி எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ வேட்டியைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

செல்லத்தாய் திறந்துவிட்ட கையை இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.