ஏரியில் தண்ணீர் இல்லை

காலை பத்து மணிக்கு வெளியீட்டுப் பொத்தானை அழுத்தியது தங்கைதான். அக்காவுக்குக் கை வரவில்லை.

நாலு வருடமாக இரண்டு பேரும் அந்த ஒற்றை அறையில் அடைந்து கிடந்து செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு அது. ஆறு, ஏரி, காடு எதையும் கெடுக்காமல் ஒரு நகரத்தைக் கட்டி எழுப்ப வேண்டும். அக்கா நிரல் எழுதினாள். தங்கை மரங்களையும் பறவைகளையும் வரைந்தாள். அரைகுறையாக இருந்தபோதே ஆயிரத்துச் சொச்சம் பேர் வாங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். முழுப் பதிப்பு இன்றைக்குத்தான் வெளியாகிறது.

பத்து இருபதுக்கு முதல் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். ஆரம்பத்திலிருந்தே ஆடுகிறவர், வாரம் தவறாமல் எழுதுகிறவர்.

"என் ஏரியில் தண்ணீர் இல்லை. கொக்கு ஒன்றுகூட இல்லை. நான் என்ன தப்பு செய்தேன்?"

அக்கா உடனே நிரலைத் திறந்து பார்த்தாள். நிலத்தடி நீர்க் கணக்கைப் போன வாரம்தான் மாற்றி எழுதியிருந்தாள். ஆடுகிறவர்கள் ஏற்கெனவே கட்டிச் சேமித்து வைத்திருந்த பழைய நகரங்களில் அந்தப் புதுக் கணக்குக்கான எண்ணே கிடையாது. விளையாட்டு அதைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

"சரி பண்ணி அனுப்பிடலாம்ல? ஏன் இப்படி வெளுத்துப்போய் உக்காந்திருக்கே?" என்றாள் தங்கை.

"பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தானா சேமிக்குதுடி. பழைய நகரத்து மேலேயே. அப்படிச் சேமிச்சிட்டா அப்புறம் பழசைத் திருப்பிக் கொண்டுவரவே முடியாது."

"அப்ப யாரும் திறக்காதீங்கன்னு போடு."

"இன்னிக்கா? வெளியான அன்னிக்கே அப்படிப் போட்டா யாரு வாங்குவா? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். நீ பேசிட்டிருக்கிற நேரத்துல இன்னொருத்தர் திறந்திருப்பாரு."

அக்கா தட்டச்சு செய்தாள். ஒரே சொல்லை மூன்று தடவை அடித்து அழித்தாள். 'பழைய நகரத்தைத் திறக்காதீர்கள். தவறு என்னுடையது.' வெளியீட்டு அறிவிப்புக்கு நேர் கீழே அது ஏறி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு 'டிங்' என்று சத்தம் வரும்போதெல்லாம் தங்கைதான் எடுத்துப் படித்தாள். திட்டியவர்கள் இருந்தார்கள், சிலர் நன்றியும் சொன்னார்கள். அக்கா எதையும் படிக்காமல் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தாள். ஒன்றரை மணிக்குத் திருத்தம் போயிற்று.

முப்பத்தேழு நகரங்களை மட்டும் மீட்க வழியில்லை. அவற்றில் முதலாவது நர்ஸம்மாவுடையது.

கடிதத்தின் அடியில் எண் இருந்தது. தங்கையே அழைத்து, போனை அக்காவின் காதில் வைத்தாள்.

"அம்மா, தப்பு உங்களோடது இல்ல. நான் பண்ணினது. உங்க ஏரியைத் திருப்பித் தர முடியல."



"ரெண்டு வருஷமா பாத்துப் பாத்துக் கட்டினதும்மா," என்றார் அவர். "எனக்குக் கோபமாத்தான் இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"தெரியும்மா."

"அந்தக் கொக்குங்க... மறுபடி வருமா?"

"தண்ணி நிறைஞ்சா வரும். ஆனா விளையாட்டுக் கணக்குல பதினஞ்சு வருஷம் ஆகும்."

"முதல்ல என்ன பண்ணணும்?"

"மேட்டுப் பக்கம் மரம் வையுங்க. சாலையை ஏரிக்கரையிலிருந்து தள்ளிப் போடுங்க."

"இரு, கண்ணாடியை எடுத்துக்கறேன்," என்றார் நர்ஸம்மா.

மீதி முப்பத்தாறு பேரின் பட்டியலைத் தங்கை மேசையில் வைத்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே அக்கா அடுத்த பெயரின் மேல் விரலை வைத்தாள்.